கலனுக்கு முப்பத்திநாலு மைல்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, காபுரேற்றரைக் கழற்றிப் பூட்டும் விதத்தை என்னிடம் கேட்காதீர்கள். அதைக் காட்டித்தர என்னைவிடக் கை சுத்தமான ஆட்கள் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. வாகனம் வாங்க வருகிறவர் அதை ஒருதரம் சுற்றி நடப்பார், ரயரைக் காலால் தட்டிப் பார்ப்பார், பிறகு உங்கள் முகத்தைப் பார்த்து, "இது கலனுக்கு எத்தனை மைல் ஓடும்?" என்பார். இப்போது பெற்றோல் கலனை லீற்றர் என்றும் மைலைக் கிலோமீற்றர் என்றும் மாற்றிக் கேட்கிறார்கள். கேள்வி அதேதான். உங்களுக்குப் பதில் தெரியும் என்று அவர் முழுதாக நம்பித்தான் கேட்கிறார்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரே ஒருதரம் யோசிக்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலால் மூதூரில் ஒரு நல்ல மனிதருக்குக் கள்ளன் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதை அவரிடம் போய்ச் சொல்வதற்கு எனக்கு நாலு துறை கடக்க வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம். போனவர்கள் கட்டில், கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் விற்றதுபோல, வாரக் கடைசியில் உல்லாசமாக ஓடித் திரிந்த ஸ்போர்ட்ஸ் கார்களையும் விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற, மேலே துணிக்கூரை போட்ட கார்கள். எங்கள் கராஜ் உள்துறைமுக வீதியில் இருந்ததால் அவற்றில் முக்கால்வாசியும் கடைசியில் எங்களிடம்தான் வந்து நின்றன. வாங்கிய நம்மவர்கள், பார்வைக்குச் சின்னதாக இருப்பதால் தீனும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு காபுரேற்றர் இருப்பதை பொனற்றைத் திறந்து காட்டினால், "அப்ப ஒண்டு பழுதானாலும் மற்றது இருக்கு" என்று சந்தோசப்பட்டவர்களும் உண்டு.

உண்மையில் அந்தக் கார்களை வாங்குவது லேசு, வைத்திருப்பதுதான் வில்லங்கம். உப்புக்காற்றில் சில்லுக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் துருவேறி அறும். சாமான்கள் இறக்குமதி நின்றுபோனதால் புதுக்கம்பிக்குச் சைக்கிள் கடையில்தான் போய் நிற்க வேண்டும். துணிக்கூரை கிழிந்தால் சந்தையில் தார்ப்பாய் தைக்கிற தையல்காரர். அடிப்பக்கம் பதிவாக இருப்பதால் ஒவ்வொரு மேட்டிலும் சைலன்சர் இடித்துக் கழன்றுவிடும். நான் ஒரே சைலன்சரை ஒன்பது முறை ஒட்டியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் வெள்ளைக்காரன் கொண்டுவந்த இரும்பைவிட நான் ஒட்டிய இரும்புதான் அதில் கூட இருந்தது.

அப்படி ஒரு காரை, கரும்பச்சை நிறம், ஓர் அப்போதிக்கரி ஐயா வாங்க வந்தார். பட்டினத்தில்தான் வீடு. மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சானில் சொந்தமாக ஒரு சின்ன டிஸ்பென்சரி வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் போய் நோயாளரைப் பார்ப்பார். மூதூர்வரைக்கும் கடல்வழியாக லாஞ்சில் போகலாம்தான், ஆனால் மருந்துப் பெட்டிகளோடு இறங்கி அங்கிருந்து மாட்டு வண்டி தேடுவது பெரிய பாடு. அதனால் கார் வேண்டும் என்றார். அதற்கு ஏன் ஸ்போர்ட்ஸ் கார் என்று நாங்கள் கேட்கவில்லை. இளவயதில் கடற்படை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டு நின்றபோது, இதே கார் ஜன்னலுக்கு வெளியே போய்வருவதைப் பார்த்தவராம். ஆசைதான் காரணம் என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் வீட்டில் மனைவி ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். கலனுக்கு முப்பது மைலுக்குக் குறைந்தால் அந்தக் கார் வாசலுக்கு வரக்கூடாது.

"தம்பி, உண்மையைச் சொல்லும், எத்தனை ஓடும்?" என்று கேட்டார்.

நான் மார்பைத் தட்டிக்கொண்டு, சோதித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்தநாள் விடியற்காலை சீனன்குடாப் பக்கத்து நேர் றோட்டில், ஒரு கலன் பெற்றோலை அளந்து ஊற்றி, துணிக்கூரையை இறக்கிவிட்டு, தனி ஆளாக, மேல் கியரிலேயே ஒரே சீராக ஓட்டினேன். குளிர்ந்த காற்று. எதிரே ஒரு மாடுகூட இல்லை. பெற்றோல் முடிந்து கார் நின்றபோது முப்பத்திநாலு மைல். கானில் கொண்டுபோன மிச்சத்தை ஊற்றித் திரும்பி வந்ததும் கராஜ் முழுக்கக் கேட்கும்படி அந்த எண்ணைச் சொன்னேன். அப்போதிக்கரி ஐயா அன்றைக்கே காரை எடுத்தார்.

எங்கள் கராஜின் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரரின் யார்ட்டில் இருபது வருடம் வேலைசெய்து ஒரு காது மந்தமானவர். அவர் ஒருநாளும் யாருக்கும் எண் சொன்னதில்லை. எத்தனை மைல் என்று கேட்டால், எந்த ஊருக்கு, எத்தனை பேர், என்ன சாமான் என்று திருப்பிக் கேட்டுக் கேட்டே வந்தவரைக் களைக்கச் செய்துவிடுவார். வியாபாரம் தெரியாத மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். என்னுடைய முப்பத்திநாலைக் கேட்டபோது அவர், "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். நல்ல காதில் விழவில்லையாக்கும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் ஐயா திரும்பி வந்தார். கலனுக்கு இருபத்திநாலுகூட ஓடவில்லை என்றார். அதோடு இன்னொரு முறைப்பாடு: வழியில் ஆறு கடக்கிற துறைகளில் எஞ்சினை நிறுத்தினால் பிறகு பிடிக்க மறுக்கிறது, அரைமணி ஆறவேண்டியிருக்கிறது, பின்னால் நிற்கிற லொறிக்காரர்கள் ஏசுகிறார்கள். இந்த இரண்டாவது எனக்குத் தெரிந்த வியாதிதான். அந்தக் கார்களில் பெற்றோல் குழாய் சூட்டுக் குழாயோடு ஒட்டிப் போகும். நம் வெயிலில் நிறுத்தினவுடன் குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடும். குழாயை இடம் மாற்றி, இடையில் ஒரு தகரம் வைத்தால் தீரும். ஒருநாள் வேலை. அன்றைக்குப் பார்த்து கராஜில் நாலு லொறி நின்றன. நான் குறுக்குவழி ஒன்று சொன்னேன். "எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ ஐயா, ஓடவிட்டபடியே வைச்சிருங்கோ" என்றேன். நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்துவிடாமல் இருப்பதற்காக, சும்மா ஓடும் வேகத்தையும் ஒரு திருகுத் திருகிக் கூட்டிவிட்டேன். அவர் நன்றி சொன்னார். அதற்கு நான் காசுகூட வாங்கவில்லை.

மறுபடி இரண்டு வாரம். இப்போது கலனுக்குப் பதின்மூன்று. ஐயா கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளும் இல்லை. முகம் வாடியிருந்தது. வீட்டில் அந்த எண்ணைச் சொல்லமுடியாமல் இருக்கிறார் என்று விளங்கியது. நான் காபுரேற்றர் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன், குழாய் முழுக்க விரலால் தடவி ஒழுக்குத் தேடினேன். ஒன்றுமில்லை. திரும்பவும் சீனன்குடா நேர் றோட்டுக்குப் போனேன். முப்பத்திமூன்று மைல். எனக்குச் சந்தோசம். காரில் பிழையில்லை, என் எண்ணிலும் பிழையில்லை.

அப்படியானால் பெற்றோல் எங்கே போகிறது என்று அவர் கேட்டார். அக்கரையில் பெற்றோல் கிடைப்பது நிச்சயமில்லாத காலம். அவர் கான்களில் கொண்டுபோய் டிஸ்பென்சரியின் பின் அறையில் வைப்பார். திரும்பி வரும்போது அங்கே ஊற்றிக்கொண்டு வருவார். அந்த அறையின் சாவி சுலைமான் காக்காவிடம் இருந்தது. மூதூர் ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும்; அண்ணன் என்பதற்கு அங்கே காக்கா என்பார்கள். டிஸ்பென்சரியைக் கூட்டுவது, மருந்துப் பெட்டி தூக்குவது, கார் கழுவுவது எல்லாம் அவர்தான். நான் அவரைக் கண்டதுகூட இல்லை.

"எஞ்சினில பிழை இல்லை ஐயா. கானைப் பாருங்கோ" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். ஒருவருடைய பெயரைச் சொல்லவில்லை. பல வருடம் இந்தச் சாட்டை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அறைக்கு ஒரு சாவி, சாவிக்கு ஓர் ஆள். வேறு யாரை நான் சொன்னதாக இருக்கும்?

ஐயா போய்க் கானுக்குள் குச்சி விட்டு அளந்து, குச்சியில் கத்தியால் குறி போட்டார். அதைச் சுலைமான் காக்கா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்தமுறை போனபோது, குறியை ஒத்துப்பார்க்குமுன்பே, ஐயா சாவியைத் தன்னிடம் தரும்படி கேட்டார். கட்டைபறிச்சானில் சாவி கைமாறியது மூதூருக்கு அன்றைக்குப் பின்னேரமே தெரிந்துவிட்டது. அடுத்தநாளிலிருந்து சுலைமான் காக்கா வேலைக்கு வரவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஐயா மூன்றாம் தரம் கராஜுக்கு வந்தது, சாவி கைமாறிய பிறகும் கார் அதே பதின்மூன்று ஓடுகிறது என்று சொல்லத்தான். பாஸ் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தார். அங்கிருந்தபடியே கேட்டார்.

"நீ காரை ஓடிப் பாத்தனீ. அவர்ர றோட்டை ஓடிப் பாத்தனியோ?"

அடுத்தநாள் ஐயாவோடு அவருடைய காரில் போனேன். இரண்டாவது இருக்கையில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் தாடையை முட்டுகிற மாதிரி இருந்துகொண்டு போனேன்.

மூதூருக்குத் தரைவழியாகப் போனவர்களுக்குத் தெரியும், நாலு துறை. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி. அப்போது ஒன்றுக்கும் பாலம் இல்லை. வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாதை அக்கரையில் நின்றால் அது வரும்வரை வரிசையில் நிற்கவேண்டும். வந்தாலும் பஸ்ஸை ஏற்றுவார்கள், லொறியை ஏற்றுவார்கள், பிறகுதான் நாங்கள்.

கிண்ணியாத் துறையில் எங்களுக்கு முன்னால் ஆறு வாகனம் நின்றன. எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். எங்கள் கார் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. "நிப்பாட்டேல்லையோ ஐயா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த உறுமலின் வேகம் நான் திருகிவிட்ட வேகம். நாற்பது நிமிடம் அங்கே நின்றோம். பாதையில் ஏறிய பிறகும், அக்கரையில் தட்டும்வரை, அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சில்லுகூடச் சுற்றவில்லை. போக நாலு துறை, வர நாலு துறை. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். காணாமல்போன பெற்றோல் முழுவதும் அந்தக் கூட்டலுக்குள் அடங்கிவிட்டது. திருடியது என்னுடைய வாய்.

தம்பிமாரே, பிழையைக் கண்டுபிடிக்கிற நேரம் ஒன்று, அதைச் சொல்லுகிற நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில்தான் ஆளுக்குச் சோதனை. உப்பாற்றுத் துறைக்குப் போகும் மணல் றோட்டில் ஐயா கேட்டார், ஏதாவது பிடிபட்டதா என்று. நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு வெட்கம்: "ஒரு சின்னப் பிழை ஐயா. கராஜுக்குப் போய்ச் சரியாக்கித் தாறன்." தகரத்தை வைத்துவிடலாம், திருகைக் குறைத்துவிடலாம், கார் இருபத்தைந்து ஓடும், எல்லோருக்கும் நிம்மதி. முப்பத்திநாலு என்று சொன்னவன் நான், நிறுத்தாதே என்று சொன்னவனும் நான், கானைப் பார் என்று சொன்னவனும் நான் என்பதை யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்? உப்பாற்றை அந்த யோசனையோடேயே கடந்தேன்.

அங்கிருந்து கங்கைக்குப் போகும் வழியில் ஐயா தானாகவே சுலைமான் காக்காவின் கதையை எடுத்தார். அவரிடம் இன்னொரு சாவியும் இருந்ததாம், பள்ளிவாசல் உண்டியல் சாவி. பன்னிரண்டு வருடமாக அவர்தான் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு சாவி பறிபோனவனின் கையில் இன்னொரு சாவி இருக்கக்கூடாது என்று சொன்னாராம். சாவியை வாங்கியவர்களும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்களாம். "எனக்கும் மனசுக்குச் சரியில்லைதான்" என்றார் ஐயா. "ஆனா நீர் சோதிச்சுச் சொன்னீர்தானே."

கங்கைத் துறையில் பாதைக்காரர்கள் கயிற்றை இழுக்க, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் உறுமிக்கொண்டிருந்தது. ஐயா தொடர்ந்து சொன்னார், கட்டைபறிச்சானிலேயே வேறு ஓர் ஆளைப் பேசியிருக்கிறாராம், நாளையிலிருந்து வருவாராம். புதுப்பூட்டு ஒன்று வாங்கி மருந்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம். அந்தப் பெட்டி அப்போது என் மடியில் இருந்தது.

இறால்குழித் துறையில் பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது சொன்னேன். வீரமாகச் சொன்னதாக நினைக்காதீர்கள். அதுதான் கடைசித் துறை, அதற்குப் பிறகு துறை இல்லை.

"ஐயா, சுலைமான் காக்கா எடுக்கேல்லை. நான்தான் பிழை. இந்தா, இப்ப குடிச்சுக்கொண்டு நிக்குதே, இதை நிப்பாட்ட வேண்டாமெண்டு சொன்னது நான்."

ஐயா என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். ஆறு எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் இருவருக்கும் கேட்டது. அக்கரையில் தட்டியபோது கார் பிடிக்கவில்லை. பின்னால் நின்ற லொறிக்காரர் இரண்டு பேரும் நானும் சேர்ந்து மேட்டுக்குத் தள்ளினோம். ஐயா சுக்கானைப் பிடித்தபடி இருந்தார். இறங்கி உதவவில்லை. அது சரிதான். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி ஆறவைத்து, அரைமணி கழித்து ஓடினோம்.

நேரே மூதூரில் சுலைமான் காக்காவின் வளவுக்குப் போனோம். மனிதர் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டு, "வாங்க ஐயா" என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சீனன்குடாவிலிருந்து இறால்குழிவரை. சொல்லி முடிய ஐயா சாவியை எடுத்து நீட்டினார். சுலைமான் காக்கா அதை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். அத எனக்கு நீங்க சொல்லத் தேவல்ல. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

லாஞ்ச் வருகிற துறையடியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. லொறிக்காரர், மீன்காரர், பள்ளிவாசலுக்குப் போய்வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். மூதூரில் ஒரு கதை பரவ வேண்டுமென்றால் அங்கேதான் தொடங்கும், அவருடைய கதையும் அங்கேதான் தொடங்கியிருந்தது. நான் அந்தக் கடைக்குள் போய் நின்றேன். இருபது பேருக்குமேல் இருந்தார்கள். அதில் பாதிப்பேர் எங்கள் கராஜுக்கு வாகனம் கொண்டுவருகிறவர்கள், என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பியிருந்தவர்கள். நான் முப்பத்திநாலு என்று சொன்னதையும், அது எப்படிப் பதின்மூன்றானது என்பதையும், காக்கா ஒரு துளியும் எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். ஒரு லொறிக்காரர், நின்ற கார் எப்படிப் பெற்றோல் குடிக்கும் என்று கேட்டார். அதையும் விளங்கப்படுத்தினேன். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு கடையே சிரித்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு காக்காவை விட்டு என்மேல் திரும்பியதை என் காதாலேயே கேட்டேன். மூலையில் இருந்த ஒரு வயதானவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனார். அவர்தான் உண்டியல் சாவியைத் திருப்பி வாங்கியவர் என்று கடைக்காரர் சொன்னார்.

அன்று பின்னேரம் சுலைமான் காக்கா டிஸ்பென்சரிக்கு வந்தார். ஐயா மறுபடி சாவியை நீட்டினார்.

"சாவி வேணாம் ஐயா," என்றார் அவர். "பூட்டக் கழட்டிருங்க. கான் வெளியில கிடக்கட்டும். அப்பிடியெண்டா நான் வாறன்."

ஐயா பூட்டைக் கழற்றினார். கான்கள் இரண்டும் விறாந்தையில், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, அதற்குப் பிறகு வருடக்கணக்காகக் கிடந்தன. உண்டியல் சாவியைக் கொடுக்க அந்த வயதானவரே வீடு தேடி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். உடனே இல்லை, இரண்டு வெள்ளிக்கிழமை கழிந்தபிறகு. அந்த இரண்டு வாரமும் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

நான் கராஜுக்குத் திரும்பி, குழாயை இடம் மாற்றி, பிஸ்கற் ரின் தகரத்தை வெட்டி நடுவில் வைத்தேன். ஒருநாள்கூட எடுக்கவில்லை, அரைநாள். பிறகு அந்தக் கார் நாலு துறையையும் எஞ்சினை நிறுத்தி நிறுத்திக் கடந்து கலனுக்கு இருபத்திமூன்று ஓடியது. ஐயா வீட்டில் அந்த எண்ணைச் சொல்லி நல்லாக வாங்கிக் கட்டிக்கொண்டார். காரை விற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளை ஒன்றாகக் குறைத்து, மற்ற நாள் லாஞ்சில் போனார். ஆசையும் செலவும் அப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

எனக்கு மூதூர்ப் பக்கத்தில் ஒரு பட்டப்பெயர் மிஞ்சியது, "முப்பத்திநாலு". பெற்றோல் அடிக்கிற ஷெட்டில் நின்றால், பஸ்ஸில் ஏறினால், லாஞ்சில் கால் வைத்தால், யாராவது ஒருவர், "என்ன முப்பத்திநாலு, சுகமோ?" என்பார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பாஸ் மட்டும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு வாகனம் சொன்னபடி ஓடவில்லை என்று யாராவது வந்தால், என் முகத்தைப் பார்க்காமலே, "இவரோட போட்டு வா" என்பார். போனேன். வெருகல் வரைக்கும் போயிருக்கிறேன், புல்மோட்டை மணல் றோட்டில் லொறிக்குப் பின்னால் தூசி தின்றிருக்கிறேன். வாகனத்தின் வருத்தம் பாதி எஞ்சினில் இருக்கும், மற்றப் பாதி அது போகிற வழியிலும் ஓட்டுகிறவரின் வழக்கத்திலும் இருக்கும். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழிந்தது. பெற்றோல் விலை ஒரேயடியாக ஏறி, கார் வைத்திருந்தவர்கள் அதைச் செங்கல்லில் நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கு மாறிய காலம். பாஸ் போய்ச்சேர்ந்துவிட்டார், அவருடைய இடத்தில் நான் இருந்தேன். அப்படி ஒருநாள் முற்பகல், சுலைமான் காக்கா கராஜ் வாசலில் வந்து நின்றார். தாடி முழுக்க நரைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய மருமகன். மூதூரிலிருந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு நோயாளரைக் கொண்டுபோக ஒரு பழைய வான் பேசியிருக்கிறார்களாம். எங்கள் கராஜில் நின்ற வான்தான். மகளின் நகை ஈடு வைத்து வாங்கப் போகிறார்கள் என்பதை மருமகன் மெல்லிய குரலில் சொன்னான்.

சுலைமான் காக்கா வானைச் சுற்றி ஒருதரம் நடந்தார். ரயரைக் காலால் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இது கலனுக்கு எத்தன மைல் ஓடும்?"

கராஜில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. அவர் முகத்தில் பகிடியும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. வாகனம் வாங்க வருகிற எவரும் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கப் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன்.

"தெரியாது காக்கா," என்றேன். "நாளைக்கு உங்களோட மூதூர் மட்டும் வந்து பாத்திட்டுத்தான் சொல்ல ஏலும்."

அவர் தலையை ஆட்டினார். மருமகன் பக்கம் திரும்பி, "அப்ப வாங்கலாம்" என்றார்.